படிப்பா, தொழிலா, சம்பளம் தரும் கையா? தமிழ்நாட்டில் கட்சி விருப்பத்தை எது தீர்மானிக்கிறது

பொன்னிநாடன் (இழையைத் தொடங்கியவர்)

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் உதயசூரியன், கைநாட்டு வைப்பவர்கள் இரட்டை இலை. சொல்பவர் எந்தக் கட்சிக்காரர் என்பதைப் பொறுத்து அது பெருமையாகவோ ஏளனமாகவோ மாறும். இதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பாதிக்குக் காரணம் படிப்பு அன்று என்பது என் கருத்து. அதைப் பேசவே இந்த இழை.

நம் மாநிலத்தில் படிப்பும் தொழிலும் ஒரே கேள்வியாக அரசியலுக்குள் வந்த ஆண்டு 1953. ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் பாதியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த "குலக்கல்வி" என்ற பெயரே இன்றுவரை நிலைத்திருக்கிறது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. அப்பன் தொழிலிலிருந்து பிள்ளை வெளியேறும் வாசல் பள்ளிக்கூடம்தான் என்பதும், அதை மூடுகிறவர் ஆட்சியில் நீடிக்க முடியாது என்பதும் அப்போதே முடிவாகிவிட்டன. அதன் பின் எந்தப் பெரிய கட்சியும் அந்த வாசலில் கைவைக்கத் துணியாததால், "படித்தவர்களின் கட்சி", "படிக்காதவர்களின் கட்சி" என்று பிரிவதற்கே இங்கே இடமில்லாமல் போயிற்று.

தொழில் வேறு கதை. அதிலும் முக்கியமானது என்ன வேலை என்பதைவிட, யார் சம்பளம் தருகிறார் என்பது. 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது அ.தி.மு.க. அரசு ஏறத்தாழ 1,70,000 பேரை வேலையை விட்டு நீக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் சொன்னது. பெரும்பாலோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றும் ஆயிற்று. 2004 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் புதுச்சேரியையும் வென்றது. முடிவு வந்த சில நாட்களிலேயே ஜெயலலிதா திரும்பப் பெற்ற முடிவுகளின் பட்டியலில் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளும் இருந்தன.

ஆகவே, தமிழ்நாட்டில் "படித்தவர் வாக்கு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் அரசுச் சம்பளம் வாங்குபவரின் வாக்கு. அது கொள்கை வாக்கு அன்று, பணிநிலைமை குறித்த வாக்கு. மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள்.

கணக்காசிரியை

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவள் என்ற முறையில் ஒன்றிரண்டு சேர்க்கைகளும் ஒரு மறுப்பும் உண்டு.

ஊழியர் வாக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதை எல்லோரும் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? அஞ்சல் வாக்கைப் பார்த்து. தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் தங்கள் வாக்குச்சாவடிக்குச் செல்ல முடியாததால் உறையில் வாக்களிக்கிறோம். எண்ணும் நாளில் அந்த உறைகளைத்தான் முதலில் எடுக்கிறார்கள். தொலைக்காட்சியில் காலை எட்டரை மணிக்கு வருகிற முன்னிலையை வைத்து, "ஆசிரியர்கள் இன்ன கட்சிக்குக் குத்திவிட்டார்கள்" என்று பேசத் தொடங்குகிறார்கள். எங்களைப் போல் எண்ணத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அம்பலமாகும் கூட்டம் வேறு கிடையாது.

ஆனால் அந்த உறை முழுப் படத்தைக் காட்டாது. சொந்தத் தொகுதியிலேயே பணி கிடைத்தால், தேர்தல் பணிச் சான்றிதழைக் காட்டி அந்தச் சாவடியின் இயந்திரத்திலேயே வாக்களித்துவிடலாம். அந்த வாக்கு மற்றவர்களுடையதோடு கலந்துவிடும். உறைகளில் படைவீரர்களின் வாக்கும் உண்டு. 2021இல் 80 வயதைக் கடந்தவர்களுக்கும் (2024 முதல் 85) மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த வசதி கிடைத்ததால், அஞ்சல் வாக்கு என்றால் ஆசிரியர் வாக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காலம் போய்விட்டது.

உறையின் மதிப்பு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு 2016 ராதாபுரம் போதும். அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை வென்ற வித்தியாசம் 49 வாக்குகள். தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகள் 203. வாக்காளரின் உறுதிமொழியில் சான்றொப்பம் இட்டவர்கள் தலைமை ஆசிரியர்கள். அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே வழக்கு. 2019இல் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, சட்டமன்றத்தின் காலமே முடியும் நிலைக்கு வந்தது. தலைமை ஆசிரியரின் கையெழுத்து செல்லுமா என்ற கேள்வியில் ஒரு தொகுதியின் ஐந்தாண்டுகள் தொங்கியதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது.

இப்போது மறுப்பு. பணிநிலைமை ஒன்றே காரணம் என்றால் எங்கள் ஆசிரியர் அறை ஒரே கட்சியாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. அப்பா எந்தக் கட்சி, ஊர் எது, சாதி எது என்பவை அந்த அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. 2003க்கு முன் பணியில் சேர்ந்த எனக்கும், பின் சேர்ந்து பழைய ஓய்வூதியம் இல்லாமல் நிற்கும் இளைய ஆசிரியருக்கும் ஒரே கோபம் இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

நொய்யல்கரை

அரசு ஊழியர்களை விட்டு வெளியே வாருங்கள். மொத்த வாக்காளர் 2021இல் ஆறே கால் கோடிக்கு மேல். அதில் ஊழியர்களும் அவர்கள் குடும்பங்களும் எத்தனை பங்கு? மீதிப் பேருக்குச் சம்பளம் தரும் கை அரசாங்கம் அன்று.

எங்கள் கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் இது செங்கொடி ஊர். 1957இல் பார்வதி கிருஷ்ணன், 1967இல் கே. ரமணி என்று பொதுவுடைமையர்கள் மக்களவைக்குப் போனார்கள். ஆலையில் மூன்று ஷிப்டு, வாசலில் சங்கக் கொடி, மாலையில் வாயிற்கூட்டம். ஒரே சங்கு ஒலிக்கு எழுந்து ஒரே வாசலில் நுழைந்தவர்கள் ஏறத்தாழ ஒரே பக்கம் வாக்களித்ததில் வியப்பில்லை. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலைக்காரர் மகன் லேத் பட்டறைக்கும், பம்ப்செட் வார்ப்படக் கூடத்துக்கும், பேரன் கணினி நிறுவனத்துக்கும் போனார்கள்.

அண்மைக் கணக்கைப் பாருங்கள். 2019 மக்களவையில் இங்கே வென்றது மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜன், தி.மு.க. கூட்டணியில். இரண்டே ஆண்டில், 2021 சட்டமன்றத்தில், மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அ.தி.மு.க. கூட்டணிக்கு. 2024 மக்களவையில் தி.மு.க. ஐந்தாண்டில் எந்த ஊரும் இத்தனை முறை தொழில் மாற்றாது. தொழிலே தீர்மானிக்கிறது என்றால் இந்த ஆட்டத்துக்கு விளக்கம் என்ன?

என் விளக்கம் இது: தொழில் தானாக வாக்கைத் தருவதில்லை, தொழிலைக் கட்டிவைத்திருக்கும் சங்கம்தான் தருகிறது. கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகளைச் செங்கொடிச் சங்கம் சேர்த்தது. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகும் அது கலையவில்லை. 2021இலும் திருத்துறைப்பூண்டியும் கீழ்வேளூரும் இடதுசாரிகளுக்கே. அதே கூலி, அதே நாற்றுநடவு, அதே சாதி ஒடுக்குமுறை வேறு மாவட்டங்களிலும் உண்டு. அங்கே அந்தக் கொடி ஏறவில்லை. ஆக, வேலை ஒன்று, வாக்கு வேறு.

திருப்பூரைப் பற்றியும் ஒரு சொல். பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதியினர் திண்டுக்கல், மதுரை, தேனி என்று வெளி மாவட்டத்தார். பலருக்கு வாக்கு சொந்த ஊரில். தேர்தலுக்கு முந்தைய இரவு பேருந்து நிலையத்தில் நிற்க இடம் இருக்காது. ஊருக்குப் போனதும் அவர் பனியன் தொழிலாளி அல்லர். இன்னாருடைய மகன், இன்ன தெருக்காரர். தொழில் திருப்பூரிலேயே தங்கிவிடுகிறது.

கடல்கடந்தவன்

இங்கிலாந்தில் இருப்பதால் இங்குள்ளதை மட்டும் சொல்கிறேன். 2016 வாக்கெடுப்பில் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவும், பள்ளியோடு நின்றவர்கள் பெரும்பாலும் வெளியேறவும் வாக்களித்தார்கள். 2019இல் போல்சோவர் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கத் தொகுதி, 1950இல் உருவானதிலிருந்து தொழிற்கட்சியிடமே இருந்தது, கன்சர்வேடிவ் கட்சிக்குப் போயிற்று. இங்கே படிப்பு, தொழிலை மிஞ்சிய பிளவாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஏன் அப்படி ஆகவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம்: இங்கே பட்டதாரியையும் மற்றவரையும் குடியேற்றம், ஒன்றியம் போன்ற கேள்விகள் பிரிக்கின்றன, அங்கே இட ஒதுக்கீட்டிலும் மொழிக் கொள்கையிலும் இரண்டு பெரிய கட்சிகளும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்பதால், படிப்பு பிரித்துக் காட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

படிவம்இருபது

தேநீர்க்கடை வாசகத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதை யாரும் இன்னும் சோதிக்கவில்லை. கருத்துக் கணிப்புகளில், படிப்புக் குறைந்தவர்களிடையே அ.தி.மு.க.வுக்குக் கூடுதல் ஆதரவு என்பது நெடுங்காலமாக வந்த படம்தான். ஆனால் படிப்புக் குறைந்தவர் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஒருவரைக் கணக்கெடுப்பவர் குறித்துக்கொள்ளும்போது, அவர் பெண்ணாகவும் முதியவராகவும் சிற்றூர்க்காரராகவும் இருக்க வாய்ப்பு மிகுதி. எம்.ஜி.ஆர். 1977இல் முதல்முறை வென்றபோது அவரைத் திரையில் பார்த்து வளர்ந்த இளம்பெண், 2016இல் அறுபதைக் கடந்த பாட்டி. அவர் இரட்டை இலைக்கு வாக்களிப்பதற்குப் பள்ளிக்குப் போகாதது காரணமா, அந்தத் தலைமுறையில் பெண்ணாகப் பிறந்தது காரணமா? இரண்டையும் பிரிக்காமல் படிப்பின் மேல் பழிபோடுவது, காய்ச்சல் வந்தவர்கள் போர்வை போர்த்தியிருப்பதைப் பார்த்துப் போர்வையால் காய்ச்சல் வருகிறது என்பதைப் போன்றது.

இன்னொரு கதையையும் இங்கே சரிபார்க்க வேண்டும். காமராசர் திறந்த பள்ளிகளில் படித்தவர்களே 1967இல் அவரைத் தோற்கடித்தார்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். விருதுநகரில் அவர் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றது உண்மை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் முன்நின்றதும் உண்மை. ஆனால் அன்று வாக்களிக்கும் வயது 21. காமராசர் பதவியேற்ற 1954இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு 1967இல் ஏறத்தாழ 18 அல்லது 19 வயதுதான். அந்தப் பிள்ளைகள் ஊர்வலம் போயிருக்கலாம், சுவரில் எழுதியிருக்கலாம், அப்பாவிடம் வாதாடியிருக்கலாம்; வாக்களித்திருக்க முடியாது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியைக் கேட்டவர்கள், அதாவது அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்.

படிப்பு நேரடியாக வாக்கைத் தொட்ட ஒரு நிகழ்வு உண்டு. பொன்னிநாடன் ஐயா அதைத் தொடவில்லை. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இட ஒதுக்கீடு கிடையாது என்று ஆணையிட்டது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதோடு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50ஆக உயர்ந்தது. சில மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவர் 129 இடங்களோடு மீண்டார். தோல்விக்கு அந்த ஆணை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணியும் இருந்தது. ஆனால் அவர் எதைக் காரணமாகக் கருதினார் என்பது அவர் செய்த மாற்றத்தில் தெரிகிறது. அங்கே கோபப்பட்டவர்கள் அரசுச் சம்பளம் வாங்கியவர்கள் மட்டும் அல்லர். பிள்ளைக்கு நாளை அந்த இடம் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள்.

பொன்னிநாடன்

1967 வயதுக் கணக்கு எனக்குப் புதிது. நானும் அந்த மேடைப் பேச்சை நம்பி வந்தவன்தான், திருத்திக்கொள்கிறேன்.

நொய்யல்கரை நண்பரின் சங்க வாதமும் வலுவானது. ஆனால் அது என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றவில்லை. ஊழியர்களுக்கும் சங்கம் உண்டு. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ இல்லாமல் 2003ம் இல்லை, 2019 ஜனவரி வேலைநிறுத்தமும் இல்லை. மற்றத் தொழில்களில் சங்கம் தேய்ந்த பிறகும் இங்கே தேயாமல் இருப்பதால்தான் இவர்களுடைய வாக்கு இன்னும் ஒரு கட்டாகப் பேசப்படுகிறது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. பழைய ஓய்வூதியத்தைத் தருவதாக வாக்குறுதி அளித்ததும் அந்தக் கட்டை எண்ணித்தான்.

நல்லபடியாகச் சோதிக்க ஒரு வழி முன்பு இருந்தது. 1986இல் சட்டமேலவை கலைக்கப்படும் வரை பட்டதாரிகளுக்குச் சில தொகுதிகள், ஆசிரியர்களுக்குச் சில தொகுதிகள் என்று தனித்தனியே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். படிப்பும் தொழிலும் வாக்குச்சீட்டிலேயே பிரிந்து நின்ற காலம் அது.

படிவம்இருபது

அந்த வழி ஆந்திரத்தில் இன்னும் இருக்கிறது, பலனையும் பாருங்கள். 2023 மார்ச்சில் அங்கே மூன்று பட்டதாரித் தொகுதிகளையும் எதிர்க்கட்சியான தெலுங்கு தேசம் வென்றது. அதே நேரத்தில் இரண்டு ஆசிரியர் தொகுதிகளை ஆளுங்கட்சி வென்றது. படித்தவர்கள் என்றும் அரசுச் சம்பளக்காரர்கள் என்றும் நாம் ஒன்றாகச் சேர்க்கிற இரண்டு கூட்டமும் ஒரே மாதத்தில் எதிரெதிராகப் போயின. 2024இல் ஆட்சி மாறியபோது பட்டதாரிகள் முன்னறிவித்தது பலித்தது. ஆனால் அந்தத் தொகுதிகளில் வாக்காளராகத் தனியாக விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்ணப்பிக்கும் அளவுக்கு வேகம் உள்ளவர்களின் வாக்குதான் அங்கே எண்ணப்படுகிறது. வேலை தேடி அலையும் பட்டதாரிக்கு அந்த வேகம் சற்று மிகுதி.

நம்மூரில் "படித்தவர் கட்சி" என்ற பெயரோடு வந்த மக்கள் நீதி மய்யத்தையும் இந்த இடத்தில் நினைக்கலாம். 2019இல் கோவை, தென்சென்னை போன்ற நகரத் தொகுதிகளில் ஒரு லட்சத்தைத் தாண்டிய அக்கட்சி, 2021இல் ஓரிடமும் பெறவில்லை. கமல்ஹாசனே கோவை தெற்கில் 1,728 வாக்கில் தோற்றார். பட்டம் ஒரு கட்சியைத் தொடங்கப் போதுமானதாக இருந்தது, நிலைநிறுத்தப் போதவில்லை.

வைகைமகள்

எல்லோரும் பள்ளிக்கூடத்தைப் பேசுகிறீர்கள். அதன் பின்பக்கத்தில் இருக்கும் சமையற்கூடத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் சாப்பாடு மட்டும் போடவில்லை, ஊருக்கு ஊர் வேலையும் போட்டது: அமைப்பாளர், சமையலர், உதவியாளர். பெரும்பாலும் பெண்கள், அவர்களில் கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் பலர். என் அம்மா உதவியாளராக இருந்தவர். ஐந்தாம் வகுப்புப் படிப்பு.

பொன்னிநாடன் ஐயாவின் அளவுகோலின்படி, ஆசிரியருக்கும் என் அம்மாவுக்கும் சம்பளம் தரும் கை ஒன்றே. ஒரே வளாகம், ஒரே அரசு. ஆனால் ஆசிரியருக்கு வந்தது ஊதியக் குழுச் சம்பளமும் ஓய்வூதியமும். அம்மாவுக்கு வந்தது தொகுப்பூதியம். ஆசிரியர் தனக்கு வரவேண்டியது வரவில்லை என்று கணக்குப் பார்த்து வாக்களித்தார். அம்மா, தனக்கு எதுவுமே இல்லாத நாளில் இந்த வேலையைத் தந்தவர் யார் என்று பார்த்து வாக்களித்தார். பின்னால் தி.மு.க. ஆட்சியில் ஊதியம் கூடியபோது அதையும் நன்றியோடு சொல்வார். ஆனால் சின்னத்தை மாற்றவில்லை. இதைப் படிப்பறிவில்லாதவரின் விசுவாசம் என்று யாராவது எழுதினால் ஏற்க மாட்டேன். எங்களை அந்தச் சம்பளத்தில் படிக்க வைத்தவர் அவர். நான் முதுகலைப் பட்டதாரி, என் வாக்கு வேறு.

கணக்காசிரியை

வைகைமகள் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் பள்ளியில் தேர்தலுக்கு முந்தைய வாரம் நடப்பதை நினைத்துக்கொண்டேன். பயிற்சி வகுப்பிலிருந்து திரும்பிய நாங்கள் அஞ்சல் வாக்கு விண்ணப்பம், சான்றொப்பம், உறைக்குள் உறை என்று மேசையைச் சுற்றி நிற்போம். யாருக்கு என்பதை மட்டும் பேசாமல் மற்ற எல்லாவற்றையும் பேசுவோம். சமையலர் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் இவ்வளவு காகிதம்?" என்று கேட்பார். அவர் மறுவாரம் வரிசையில் நின்று பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். எங்கள் வாக்கு எந்தப் பக்கம் என்று எண்ணிக்கை நாளன்று எட்டரை மணிக்கு ஊருக்கே சொல்லிவிடுவார்கள். அவருடையது எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் கேட்கத் தோன்றியதும் இல்லை.